சித்திரைப் பூவுக்கு மார்கழியில் விதை

ஏப்ரல் மாதம் வந்தால் நுவரெலியா ஊருக்கே கல்யாணக் களை வந்துவிடும். வசந்த காலம் என்று கொடி கட்டுவார்கள். விக்டோரியா பூங்காவில் பிட்டூனியாவும் பென்சியும் டேலியாவும் பாய் விரித்த மாதிரி பூத்துக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் நம்ம பிள்ளைகள், "நம்ம வாசல்ல ஏன் இப்படிப் பூக்க மாட்டேங்குது?" என்று கேட்கிறார்கள். பூக்கும் பிள்ளைகளே. அதே குளிர், அதே மழைதான் நமக்கும். இஸ்தோப்புக்கு முன்னால் தோட்டம் போட நிலம் இல்லை என்பது உண்மை. நாலு டின் வைக்க எல்லோருக்கும் இடம் இருக்கிறது.

பூங்காவில் பூவைப் பார்த்த பிறகுதான் பலர் விதை தேடிப் போகிறார்கள். அது பிந்திய வேலை. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரம். இந்தக் குளிரில் செடி ஆறுதலாகத்தான் வளரும். பிட்டூனியாவும் பென்சியும் விதை போட்டுப் பூக்க மூன்று மாதம், சில நேரம் அதற்கு மேலும் பிடிக்கும். வருசப் பொறப்புக்குப் பூ வேண்டுமென்றால் நத்தாருக்கு முன்னாலேயே விதை விழவேண்டும். செண்டுப்பூ அவசரக்காரப் பூ, தைப்பொங்கல் வரை பொறுக்கலாம். டேலியாக் கிழங்கை ஜனவரியில் ஊன்றலாம். ஜெரேனியத்துக்கு விதையே வேண்டாம், நல்ல கொப்பு ஒன்றை ஒடித்து நட்டால் போதும்.

பிட்டூனியா விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். அதை மண் போட்டு மூடவே கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மேலே தூவி, கையால் லேசாக அமுக்கிவிட்டால் சரி. பென்சி அதற்கு நேர்மாறு. மெல்லிசாக மண் போட்டு மூடிவிடவேண்டும்.

மண்ணைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தேயிலை மலையில் அள்ளும் மண் புளித்த மண். தேயிலைக்கு அது பிடிக்கும், இந்தப் பூக்களுக்குப் பிடிக்காது. ஆகவே இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு, ஒரு பங்கு ஆத்து மணல் கலந்து, வாளிக்கு ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பலும் போடுங்கள். சாம்பல் புளிப்பைக் குறைக்கும். அதற்காக அள்ளிக் கொட்ட வேண்டாம். தேயிலைப் பசளையை எடுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்து எடுத்தார்கள் என்று நாம் கேட்கவில்லை! ஆனால் அதில் நைதரசன் கூட. இலைதான் செழிக்கும், பூ வராது.

இனி பனி. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மேகமில்லாமல், காத்து அசையாமல் இருக்கிற ராத்திரியில் நிலத்தின் சூடு எல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காத்து கனமானது. தண்ணி மாதிரி பள்ளத்தைப் பார்த்து ஓடும். மேட்டுத் தேயிலை தப்பிக்க, ஆத்தோரத்துத் தேயிலை கருகிப் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். டின்னில் இருக்கிற செடிக்கு இன்னும் ஆபத்து, ஏனென்றால் வேரைச் சுற்றி இருப்பது கொஞ்ச மண்தான். அந்த மாதங்களில் டின்களைக் கூரைக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளி வையுங்கள். பொழுது சாயும்போது பழைய படங்கையோ சாக்கையோ மேலே மூடி, விடிந்ததும் எடுத்துவிடுங்கள். தண்ணி ஊற்றுவது காலையில்தான். காய்ந்த மண்ணைவிட ஈர மண் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் மண்ணைக் காயவிடவும் கூடாது. அரிசி கழுவிய தண்ணியே போதும்.

இப்போது டின்னுக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் இந்த முறை எழுதுகிறோம். ஒரு தோட்டத்தில் மருந்தடித்து முடிந்த கேன் ஒன்றை வாயை வெட்டி, ஒரு வீட்டில் பூ வைத்திருந்தார்கள். வடிவாகத்தான் பூத்தது. அடுத்த தை மாதப் பனியில் செடி கருகிப் போய்விட்டது. கேன் சும்மா கிடந்தது. குழாயில் தண்ணி குறைந்த நேரம், வீட்டுப் பாட்டி அதைக் கழுவி தண்ணி பிடித்து வைத்தார். மருந்து கேன் என்று அவருக்குத் தெரியாது, பெயர் எழுதிய தாள் எப்போதோ உரிந்துவிட்டது. அந்தத் தண்ணியைக் குடித்த சின்னப் பிள்ளை வாந்தி எடுத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்துவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளும் தாய் பட்ட பாட்டை நாம் கூட இருந்து பார்த்தோம்.

மருந்து முடிந்த கேனை மூன்று தரம் கழுவி, யாரும் திரும்பப் பாவிக்காமல் இருக்க அடியில் ஓட்டை போடச் சொல்வது முறை. ஓட்டை போட்ட கேனைப் பார்த்தால் பூச்சாடிக்குத் தோதாக இருக்கிறதே என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். மூன்று தரம் கழுவினாலும் அது வீட்டுக்கு வரக்கூடாது. ஸ்டோருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கனவே வாசலில் வைத்திருப்பவர்கள் செடியை வேறு டின்னுக்கு மாற்றி, கேனை ஸ்டோரில் சேர்த்துவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பால்மா டின், பிஸ்கட் டின், உடைந்த பிளாஸ்டிக் வாளி எல்லாம் நல்லது. அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, மண் ஒழுகாமல் ஓட்டு மேல் ஒரு சில்லை வைத்து, இரண்டு கல்லின் மேல் தூக்கி வையுங்கள். கீழே தட்டு வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் தண்ணியில் நுளம்பு முட்டை போடும். உயரமான தோட்டங்களில் டெங்கு நுளம்பு குறைவு என்றாலும், கீழ்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இது விளையாட்டு இல்லை.

பிட்டூனியா, செண்டுப்பூ விதை கொஞ்சம் நலன்புரி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு வந்து கேளுங்கள். மருந்து கேன் இல்லாத டின் ஒன்றையும் கையோடு கொண்டு வந்தால், ஓட்டை போட ஆணியும் சுத்தியலும் இங்கேயே இருக்கிறது.