“அப்போ, நீ மருந்து கண்டுபிடிக்கப் போறியா?” - மெடிசினல் கெமிஸ்ட்ரியில் என்னதான் படிக்கிறார்கள்?

“பி.ஃபார்ம் முடிச்சாச்சு... அடுத்து மெடிக்கல் ஷாப்தானே?”

பார்மசி படித்த பலரும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சந்தித்திருக்கும் கேள்வி இது. “இல்ல மாமா, மெடிசினல் கெமிஸ்ட்ரியில மாஸ்டர்ஸ் பண்ணப் போறேன்” என்று சொன்னால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும். “அப்போ, நீ மருந்து கண்டுபிடிக்கப் போறியா?”

இதற்கு ‘ஆமா’ என்றாலும் முழு உண்மை இல்லை. ‘இல்ல’ என்றாலும் முழு உண்மை இல்லை. இந்தப் படிப்பில் என்ன நடக்கிறது என்று புரிய, ஒரு மாத்திரையின் கதையைத் தெரிந்துகொண்டால் போதும். மாத்திரையின் பெயர், இமாட்டினிப்.

ஆஃப் ஆகாத சுவிட்ச்

சி.எம்.எல் என்பது ஒருவகை ரத்தப் புற்றுநோய். இந்த நோயாளிகளின் ரத்த செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதை 1960-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கவனித்தார்கள். 9, 22 ஆகிய இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிக்கொள்வதுதான் காரணம் என்று 1973-ல் ஜேனட் ரௌலி கண்டறிந்தார். இந்த இடமாற்றத்தால் பி.சி.ஆர்-ஏ.பி.எல் என்ற புரதம் உருவாகிறது. ஒருமுறை ஆன் ஆனால் ஆஃப் ஆகவே ஆகாத சுவிட்ச் மாதிரி அது. அதனால் வெள்ளை அணுக்கள் பெருகிக்கொண்டே போகும்.

அணைக்க வேண்டிய சுவிட்ச் தெரிந்துவிட்டது. மருந்துத்துறையில் இதை ‘டார்கெட்’ என்பார்கள். அணைப்பது யார்? இங்கேதான் வேதியியல் படித்தவர்கள் உள்ளே வருகிறார்கள்.

ஒவ்வொரு துண்டாகச் சேர்த்தார்கள்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில், சிபா-கெய்கி நிறுவனத்தின் ஆய்வகம். அவர்கள் கையில் இருந்த மூலக்கூறு, பி.கே.சி என்ற வேறொரு புரதத்தைத் தடுப்பதற்காகத் தேடியபோது கிடைத்தது. அதில் ஒரு பிரிடின் வளையத்தைச் சேர்த்தார்கள். செல்லுக்குள் நன்றாக வேலை செய்தது. பென்சமைடு என்ற பகுதியைச் சேர்த்தார்கள், ஏ.பி.எல் புரதத்தையும் தடுக்க ஆரம்பித்தது. ஆனால், பழைய பி.கே.சி-யையும் அது விடவில்லை. தேவையில்லாத புரதத்தைத் தொட்டால் பக்கவிளைவு வரலாமே!

அப்போது ஒரு வளையத்தில் சின்னதாக ஒரு மீதைல் சேர்த்தார்கள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். மூலக்கூறு கொஞ்சம் திரும்பி நின்றது. பி.கே.சி-யோடு இருந்த உறவு முறிந்தது, ஏ.பி.எல் பிடி நிலைத்தது. கடைசியாக ஒரு பைப்பரசின் பகுதியைச் சேர்த்ததும் தண்ணீரில் நன்றாகக் கரைந்து, வாய்வழியாகச் சாப்பிடக்கூடிய மருந்தானது.

1998-ல் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்தை ஆரம்பத்திலிருந்தே எடுத்துக்கொண்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 10 ஆண்டுகள் கழித்தும் சுமார் 83 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

இதுதான் சிலபஸ்

மேலே படித்தீர்களே, அதுதான் இரண்டு வருடப் படிப்பின் சாரம். மூலக்கூறில் எதை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்குப் பெயர் எஸ்.ஏ.ஆர். மருந்து உடலுக்குள் போய், பரவி, மாறி, வெளியேறும் பாதையைப் படிப்பது ஏ.டி.எம்.ஈ. வாய்வழி மருந்தின் மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது 1997-ல் வந்த லிபின்ஸ்கி விதி. இமாட்டினிப்பின் எடை சுமார் 494. ஜஸ்ட் பாஸ்!

கம்ப்யூட்டரில் மூலக்கூறைப் புரதத்துக்குள் பொருத்திப் பார்க்கும் ‘டாக்கிங்’ உண்டு. ஆனால், திரையில் அழகாகப் பொருந்தியது குடுவையில் உருவாக மறுக்கும். உருவானாலும் செல்லில் வேலை செய்யாது. ஒரு மருந்து உருவாக 10 முதல் 15 ஆண்டுகள்கூட ஆகும். மனிதர்களிடம் சோதனைக்குப் போகும் மருந்துகளிலேயே பத்தில் ஒன்பது தோற்கின்றன. நீங்கள் செய்யும் புராஜெக்ட் அந்த நீண்ட பாதையில் ஒரு சின்னப் படி. ‘ஏன் வேலை செய்யவில்லை’ என்று சொல்லத் தெரிந்தால், அந்தப் படிப்பை நன்றாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சென்னையில் நடந்த கிளைமாக்ஸ்

மருந்து வந்தாயிற்று, வாங்க முடிந்ததா? நோவார்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு அப்போது மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் ஆனது. இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் சுமார் 8,000 ரூபாயாக இருந்தது. இமாட்டினிப்பின் ‘பீட்டா’ படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் காப்புரிமை கேட்டது சென்னை அலுவலகத்தில்தான். 2006-ல் அது மறுக்கப்பட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்றது. பழைய மருந்தின் புது வடிவம் உடலில் கூடுதலாகச் சேர்கிறது என்பது மட்டும் போதாது, நோயைக் குணமாக்கும் திறன் கூடியதைக் காட்ட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். வகுப்பில் போரடிக்கும் ‘பயோஅவைலபிலிட்டி’ பாடம், வெளியே ஒரு குடும்பத்தின் மாதச் செலவைத் தீர்மானிக்கிறது.

எப்படிச் சேர்வது?

நைப்பர் எனப்படும் தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏழு இருக்கின்றன. மொஹாலிதான் முதலாவது, நமக்குப் பக்கம் ஹைதராபாத். பி.ஃபார்ம் முடித்தவர்கள் ஜிபேட் தகுதி பெற்று, நைப்பர் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். எம்.எஸ்சி ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கும் கேட் அல்லது நெட் தகுதியோடு கதவு திறந்திருக்கிறது. ஜிபேட் தகுதியோடு சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டிலேயே படிக்க நினைத்தால், எம்.ஃபார்மில் பார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி பிரிவைத் தேடுங்கள்.

வேலை? ஹைதராபாத், பெங்களூரில் இருக்கும் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்கள்தான் பலருக்கும் முதல் படி. பெரும்பாலும், வேறு யாரோ வரைந்து கொடுத்த மூலக்கூறைத் தயாரித்துத் தரும் வேலை. எதைத் தயாரிப்பது என்று முடிவு செய்யும் நாற்காலிக்குப் பெரும்பாலும் பிஹெச்.டி கேட்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு சேர்ந்தால் ஏமாற்றம் இருக்காது.

அடுத்த கல்யாணத்தில் மாமா கேட்டால் இப்படிச் சொல்லலாம்: “மருந்து கண்டுபிடிக்கிறது ஆயிரம் பேர் சேர்ந்து செய்யற வேலை மாமா. அதுல ஒரு மீதைலை எங்க வைக்கணும்னு நான் கத்துக்கிட்டு இருக்கேன்!”