கல்பாக்கத்தில் வளைந்த குழாய்

சேதமான அணு உலைக்குள்ள கருவி விட்டுப் பார்க்கிறதுன்னாலே எல்லாரும் புகுஷிமாவுக்குப் போயிடறோம். நம்ம செஞ்சிக்குக் கிழக்கே, நேர்க்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி, கல்பாக்கத்திலேயே அப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது.

அங்குள்ள சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபரில் முதன்முதலாக இயங்கியது. 1987 மே மாதம் எரிபொருள் கட்டு ஒன்றை உலைக்குள்ளேயே இடம் மாற்றினார்கள். கட்டின் கால்பகுதி கீழே நீட்டிக்கொண்டிருக்கும்போதே மேல்மூடி சுழன்றுவிட்டது. பக்கத்துக் கட்டுகளின் தலைகள் அடிவாங்கின. கடைசியில், கட்டுகளைத் தூக்கி இறக்க உதவும் வழிகாட்டிக் குழாயும் வளைஞ்சு போச்சு. நேராக இறங்கிய குழாய், வளைந்தபின் அதே துளை வழியா எப்படி மேலே வரும்?

முதல்ல என்ன ஆச்சுன்னு பார்க்கணும். தண்ணீர் உலைன்னா கேமராவை முக்கிப் பார்த்துடலாம். இங்கே இருப்பது உருகிய சோடியம். பார்வைக்குப் பாதரசம் மாதிரி, வெளிச்சம் உள்ளே போகாது. காற்று பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் மூடியைத் திறந்துவைக்கவும் முடியாது. அதனால் சோடிய மட்டத்தை இறக்கி, மேலே ஆர்கான் வாயுவை நிரப்பியபடி, ஒரு பெரிஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பழைய தொழில்நுட்பம்தான். ஆனா இதில் ஒரு வசதி உண்டு: உள்ளே போவது கண்ணாடியும் குழாயும் மட்டும். கேமரா சிப் கதிர்வீச்சில் சீக்கிரம் செத்துப்போகும்.

அடுத்து, குழாயை உள்ளேயே வெட்டி எடுக்கத் தொலைவிலிருந்து இயக்கும் தனிக்கருவி செய்தார்கள். வெட்டுவதைவிடப் பெரிய கவலை, வெட்டும்போது உதிரும் உலோகச் சீவல். அது எரிபொருளுக்கு நடுவே சோடியம் ஓடும் இடுக்கை அடைத்தால் அந்த இடம் சூடேறும், பழையபடி சிக்கல். எனக்கு இந்தக் கதையில் முக்கியமா படுவது இந்தச் சீவல்தான். உலை மறுபடி ஓடியது 1989 மே மாதம். ஒரு குழாய்க்கு ரெண்டு வருஷம்!

புகுஷிமாவிலும் துளைதான் கருவியின் உருவத்தைத் தீர்மானித்தது. 2017 ஜூலையில் 3-ஆம் உலைக்குள் நீந்திய ரோபோவின் விட்டம் சுமார் 13 சென்டிமீட்டர், நுழைவழி 14. அதே வருஷம் பிப்ரவரியில் 2-ஆம் உலைக்குள் போன 'தேள்' ரோபோ படிவுகளில் சிக்கியது. வடத்தை வெட்டி அங்கேயே விட்டுட்டாங்க. 2024 நவம்பரில், அதே 2-ஆம் உலையிலிருந்து நீளும் தடி ஒன்றால் எடுத்த உருகிய எரிபொருள் துணுக்கு 0.7 கிராம். மூன்று உலைகளிலும் சேர்த்து இருப்பதாக மதிப்பிடப்படுவது 880 டன்.