கேமரன் மலையிலிருந்து அமெரிக்கக் கோடைக்கு

கேமரன் மலையில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. மழை அதிகம் பெய்யும் மாதம், குறைவாகப் பெய்யும் மாதம், அவ்வளவுதான். தானா ராத்தாவில் பகல் வெயில்கூடப் பெரும்பாலும் 25 டிகிரிக்குள் அடங்கிவிடும். அந்த மலையில், சுங்கை பாலாஸ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி பல்கலைக்கழக விடுமுறையில் வந்து, "அம்மா, இந்த வருஷம் கோடைக்கு அமெரிக்கா போய் வேலை செய்யப் போறேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் எழும் முதல் கேள்வி, "குளிருக்கு என்னம்மா எடுத்துட்டுப் போவ?" என்பதாகத்தான் இருக்கும். குளிர் உடையெல்லாம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவள் பழக வேண்டியது 30 டிகிரியைத் தாண்டும் கடற்கரை வெயிலுக்கு. ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி துணியைப் பற்றியதே அல்ல.

மலேசிய மாணவர்கள் இப்படிப் போவது 'ஜே-1' விசாவின் கீழ் வரும் கோடைக்கால வேலை - பயணத் திட்டத்தில். உயர்கல்வி நிலையத்தில் முழுநேரம் படித்து, குறைந்தது ஒரு பருவத்தையாவது முடித்தவர்களுக்கு உரியது. தன் நாட்டு நீண்ட விடுமுறைக் காலத்தில், அதிகபட்சம் நான்கு மாதம் வேலை செய்யலாம். பெரும்பாலும் மேரிலாந்தின் ஓஷன் சிட்டி, விஸ்கான்சின் டெல்ஸ் போன்ற சுற்றுலா ஊர்களில் தங்கும் விடுதி, உணவகம், கேளிக்கைப் பூங்கா வேலைகள். மலைப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. பள்ளி விடுமுறை நெரிசலில் தானா ராத்தா விடுதிகளில் படுக்கை விரித்தவர்களும், ஸ்ட்ராபெரி பண்ணைகளில் கூடை தூக்கியவர்களும் தோட்டத்தில் உண்டு.

மலேசியர்கள் அங்கே போய் இறங்கிய பிறகு வேலை தேட முடியாது. விசாவுக்கு முன்பே வேலை உறுதியாகியிருக்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற பொறுப்பு அமைப்பு ஒன்று அந்த வேலையைச் சரிபார்த்து, 'டிஎஸ்-2019' என்ற பாரத்தை வழங்கும். அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியல் அத்துறையின் இணையத்தளத்தில் பொதுவில் கிடக்கிறது. உள்ளூர் முகவர் எந்த அமைப்பின் பெயரைச் சொல்கிறாரோ, அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாமல் அம்மாவின் சங்கிலியை அடகுக்கடைக்கு அனுப்புகிறவர்களை என்ன சொல்வது?

அடுத்தது வேலைக் கடிதம். இதைத்தான் வரிக்கு வரி படிக்க வேண்டும். மணிக்கு எவ்வளவு சம்பளம் என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலைக்கு உத்தரவாதம், தங்குமிடத்துக்கு எவ்வளவு பிடித்தம் என்ற இரண்டு வரிகளையும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 12 டாலர், வாரம் 32 மணி நேரம் என்றால் 384 டாலர். வரிக்கு 40, வாடகைக்கு 130, சாப்பாடு, பேருந்துக்கு 90 என்று வைத்தால் மிச்சம் 124. பதினான்கு வாரத்துக்கு 1,736 டாலர். அதே வேலையில் மழையாலோ, கூட்டம் குறைந்ததாலோ வாரம் 20 மணி நேரம்தான் கிடைத்தால் வருவது 240. வரியை 25 ஆகக் குறைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 5 டாலர் கையைக் கடிக்கும். வாடகை குறையாதே! முகவர் கட்டணம், விமானச் சீட்டு, விசாவுக்கு 185 டாலர், மாணவர் பதிவுக்கு 35 டாலர் என்று புறப்படும் முன்பே போன பணம் இதில் சேரவில்லை. பயணக் கடனை இந்த மிச்சத்தில் அடைத்துவிடலாம் என்று நம்பிக் கையெழுத்துப் போடும் குடும்பம், 32-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் சிக்கிக்கொள்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் பால்மைராவில், ஹெர்ஷி சாக்லேட்டுகளைப் பொதி செய்யும் கிடங்கில் வேலை செய்த வெளிநாட்டு மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். பல நாடுகளிலிருந்து, ஆயிரக்கணக்கான டாலர் கட்டி, இதே திட்டத்தில் போனவர்கள் அவர்கள். பாரம் தூக்கும் வேலை, இரவு நேர வேலை, சம்பளத்தில் வாடகைப் பிடித்தம் என்பவை அவர்களின் குறைகள். செய்தி உலகெங்கும் பரவியது. 2012-ல் வெளியுறவுத் துறை விதிகளைத் திருத்தித் தொழிற்சாலை, கிடங்கு வேலைகளையும், பெரும்பகுதி இரவு 10 மணிக்கு மேல் வரும் வேலைகளையும் இத்திட்டத்திலிருந்து நீக்கியது. அதே ஆண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு நிலுவைச் சம்பளமாக இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கிடைக்கவும் வழி பிறந்தது. ஆகவே இன்று யாராவது 'பேக்கிங் வேலை, நல்ல ஓவர்டைம்' என்று ஆசை காட்டினால், அது விதிக்கே முரணானது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி பெயர் விவகாரம். நம் கடப்பிதழில் பெயர் ஒரே வரியில், நடுவில் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' என்று நிற்கும். மலாய் மொழியில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்பவற்றின் சுருக்கம் அது, அதாவது மகன், மகள். அமெரிக்கப் பாரங்களோ குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும். நமக்கேது குடும்பப் பெயர்? விமானச் சீட்டில் அந்தச் சாய்கோடும் ஏறாது. விசா பாரம், டிஎஸ்-2019, விமானச் சீட்டு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி வருகிறதா என்று முதலிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் கட்டத்துக்குள் போகும். தோட்டத்தில் முப்பது ஆண்டு தேயிலை வெட்டியவரின் பெயர், மகளின் அமெரிக்கச் சம்பளச் சீட்டில் முன்னால் வந்து நிற்கும். அதில் ஒரு சந்தோஷமும் உண்டு.

நேர்காணல் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில். தாப்பா வழியாக இறங்கிப் போக எப்படியும் நான்கு மணி நேரமாகும். முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. 2025 ஜூனிலிருந்து, மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. என்ன படிக்கிறாய், எங்கே வேலை, எப்போது திரும்புவாய் என்ற கேள்விகளுக்கு மனப்பாடப் பதில் வேண்டாம். விசாவோடு, தொழிலாளர் உரிமைகளைச் சொல்லும் சிறு கையேடு ஒன்று தருவார்கள். சட்டப்படி தந்தாக வேண்டியது. கடப்பிதழை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ள முடியாது என்பது உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. பலர் அதைப் பெட்டியின் அடியில் போட்டுவிடுகிறார்கள்.

மருத்துவக் காப்புறுதி கட்டாயம். போய்ச் சேர்ந்ததும் பொறுப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது அவர்கள் மாணவரோடு தொடர்பு கொள்ளவும் வேண்டும். சம்பளம் குறைந்தாலோ, தங்குமிடம் சரியில்லை என்றாலோ அந்த அழைப்பிலேயே சொல்லிவிடலாம். வெட்கப்பட்டு 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டால் பிறகு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

புறப்படும் முன் வேலைக் கடிதம், டிஎஸ்-2019, காப்புறுதி அட்டை எல்லாவற்றிலும் ஒரு நகல் தோட்டத்து வீட்டில் இருக்கட்டும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த அண்ணனோ மாமாவோ அதை ஒருமுறை உட்கார்ந்து படித்து அம்மாவுக்கு விளக்கட்டும். தொலைபேசிக்கும் நேரம் குறித்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் சரியாகப் பன்னிரண்டு மணி நேர இடைவெளி. சுவர்க் கடிகாரத்தை மாற்றவே தேவையில்லை. அம்மா காலை ஏழு மணிக்குப் பசியாற உட்காரும்போது அங்கேயும் ஏழு மணிதான், முதல் நாள் மாலை. மகள் வேலை முடிந்து வரும் நேரம்.