சமவெளி ஓட்டுநரும் தொப்பூர் இறக்கமும்

தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகத் தெற்கே செல்லும் ஜிஎஸ்டி சாலை ஏறத்தாழ சமதளமாகவே அமைந்திருப்பதால், மேம்பாலத்தைத் தவிர வேறு ஏற்ற இறக்கம் காணாமல் அதில் ஓட்டிப் பழகிய லாரி ஓட்டுநருக்கு, முதல் மலைப்பாதை பெரும்பாலும் அச்சத்தோடுதான் அறிமுகமாகிறது. அவர் பெங்களூரில் சரக்கேற்றிக்கொண்டு சேலம் நோக்கி வருகையில், தருமபுரியைக் கடந்ததும் எதிர்ப்படும் தொப்பூர் கணவாயில், ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்தானது என்பதை அங்கு நேர்ந்த பல விபத்துகள் காட்டுகின்றன.

டீசலை மிச்சப்படுத்த எண்ணி வண்டியை நியூட்ரலில், அதாவது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பற்ற நிலையில், உருளவிடுபவர், எஞ்சின் தரும் தடையை இழந்து முழு எடையையும் பிரேக்கின் மீதே சுமத்துகிறார். விடாமல் மிதிக்கப்படும் பிரேக்கில், டிரம் எனப்படும் சுழலும் உருளையும் அதன் உட்புறம் உராயும் லைனிங் என்னும் பட்டையும் கொதிப்பேறி, கருகல் வாடை மூக்கை எட்டும்போதே பிடிமானம் குறைந்துபோயிருக்கும். இன்றைய எஞ்சின்கள், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டீசல் செலுத்துவதையே நிறுத்திவிடுவதால், அந்தச் சிக்கனமும் வெறும் கற்பனையே. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் விதி.

தொப்பூரில் இறக்கம் சிக்கலென்றால், சத்தியமங்கலத்தை அடுத்த திம்பம் மலைப்பாதையில், 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியின் நீளமே சிக்கலாகிறது. பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தைவிட்டு உட்புறமாக வெட்டிச் செல்வதால், கிளீனர் கீழே இறங்கிச் சைகை காட்ட நேர்வதுண்டு. அங்கு 2022 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவால் நடைமுறைக்கு வந்த இரவுநேரப் போக்குவரத்துத் தடைக்குக் காரணம் இந்த வளைவுகள் அல்ல, சாலையைக் கடக்கும் வனவிலங்குகளே.