கடையாற் பலகையின் நோய்

மாத்தளையிலிருந்து பலாபத்வல வழியாகத் தம்புள்ளைக்குச் செல்லும் சாலைக்குக் கிழக்கே போவதென்ன, மொரகஹகந்த ஆகிய நீர்த்தேக்கங்கள் உள்ளன. இத்தகைய நன்னீரிலும் மழைநீரிலும் படகின் மரம் எளிதில் உக்கிப்போகும். கடல்நீரின் உப்போ, மரத்தை உக்கச்செய்யும் பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும்.

அலுமினியம் உக்காது என்பது மெய்யே. ஆயினும், பழைய அலுமினியப் படகின் கடையாலில் வெளியிணைப்பு இயந்திரத்தின் பாரத்தைத் தாங்குவது தகட்டோடு பொருத்திய மரப்பலகையாகும். ஆணித் துளைகளின் வழியே நீர் கசிந்து பலகை உள்ளே உக்கும். வெளித்தகடு பழுதின்றியே தோன்றும். ஓட்டத்தின் நடுவே இயந்திரம் கழன்று வீழ்ந்தால் படகிலிருப்போரின் உயிருக்கே ஆபத்து.

ஆகவே பலகையைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். மந்தமான ஒலி எழுந்தாலும், இயந்திரத்தை அசைக்கையில் கடையால் நெகிழ்ந்தாலும் பலகையை மாற்றுவதே முறை. பழைய பலகையை அளவாகக் கொண்டு, நீருக்கு நெகிழாத பசையால் ஆன ஒட்டுப்பலகையை அதே கனத்தில் வெட்ட வேண்டும். விளிம்புகளுக்கும் துளைகளின் உட்புறத்துக்கும் எபொக்சி பூசி, உலர்ந்த பின்னரே பொருத்த வேண்டும்.

செம்பு கலந்த மருந்தூட்டிய மரம் எளிதில் உக்காது. எனினும் அது இங்கே ஆகாது. ஈரம் பட்டதும் அச்செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். பலகையைக் காக்கும் மருந்தே படகைக் கெடுத்துவிடலாகாது.