வாடகை வருமானம்: கனவு காணுமுன் ஒரு கணக்கு

"இருபத்தைந்து வயதில் ஒரு வீடு வாங்குங்கள். வாடகைக்கு விடுங்கள். மாதத் தவணையை வாடகைதாரரே கட்டிவிடுவார்."

சமூக ஊடகக் காணொளிகளில் இப்படிப்பட்ட அறிவுரைகள் ஏராளம். அவற்றுள் பல அமெரிக்கச் சந்தையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. செம்பவாங்கில் வீவக வீட்டில் வளரும் ஓர் இளையர் அதை அப்படியே பின்பற்ற முடியுமா?

வாடகைக்கு வீடு தேடுவோர் செம்பவாங்கில் உண்டு. 1996ல் செம்பவாங் எம்ஆர்டி நிலையமும் 2019ல் கேன்பரா நிலையமும் திறக்கப்பட்டன. ஈசூன், உட்லண்ட்ஸ் வட்டாரங்களின் வேலையிடங்களும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியும் தொலைவில் இல்லை. ஆனால், ஆள் கிடைப்பது மட்டுமே முதலீட்டை லாபகரமாக்கிவிடாது. சட்டமும் கணக்கும் இடம்கொடுக்க வேண்டும்.

முதலில் குடியிருப்பு

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடு, வாங்குபவர் குடியிருப்பதற்காகவே விற்கப்படுகிறது. பொதுவாக ஐந்தாண்டு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்த பிறகே முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். அதுவும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டுமே, நிரந்தரவாசிகளுக்கு அனுமதியில்லை.

2024 அக்டோபர் முதல் விற்பனைக்கு வரும் 'பிளஸ்', 'பிரைம்' வகை வீடுகளுக்கு இக்காலம் பத்தாண்டு. அதற்குப் பிறகும் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது.

உரிமையாளர் அதே வீட்டில் வசித்துக்கொண்டு அறைகளை வாடகைக்கு விடுவது எளிய வழி. மூவறை அல்லது அதைவிடப் பெரிய வீடுகளில், வீவகவின் ஒப்புதலோடு இதைச் செய்யலாம். எதுவாயினும் வாடகைக் காலம் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். தனியார் வீடுகளுக்கு அது மூன்று மாதம். எனவே, சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் திட்டத்துக்கு இங்கு இடமில்லை.

மில்லியன் வெள்ளி வீடு

அப்படியானால் தனியார் வீடு வாங்கலாமா? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வீட்டின் விலை ஒரு மில்லியன் வெள்ளி, மாத வாடகை 3,200 வெள்ளி என வைத்துக்கொள்வோம்.

வாங்குபவருக்கு இது முதல் வீடு என்றால், வங்கி அதிகபட்சம் 75 விழுக்காடு கடன் தரலாம். மீதி 250,000 வெள்ளி. அதில் குறைந்தது 50,000 வெள்ளி ரொக்கமாக இருக்க வேண்டும். எஞ்சியதற்கு மத்திய சேம நிதியைப் பயன்படுத்தலாம். முத்திரை வரி 24,600 வெள்ளி. ஆக, தொடக்கத்திலேயே 274,600 வெள்ளி தேவை.

கடன் கிடைப்பதற்கும் வரம்பு உண்டு. எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தொகை, வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வங்கிகள் குறைந்தது 4 விழுக்காடு வட்டியை வைத்தே இதைக் கணக்கிட வேண்டும். 30 ஆண்டுகளில் அடைக்கும் 750,000 வெள்ளிக் கடனுக்கு, வேறு கடன் எதுவும் இல்லாதவரும் மாதம் சுமார் 6,500 வெள்ளி சம்பாதிக்க வேண்டும்.

இனி வரவு செலவு. ஓராண்டு வாடகை 38,400 வெள்ளி. கடனுக்கு 3 விழுக்காடு வட்டி என்றால், முதலாண்டு வட்டி மட்டும் சுமார் 22,300 வெள்ளி. உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரி 12 விழுக்காட்டில் தொடங்கி 36 விழுக்காடு வரை செல்லும். வீட்டின் ஆண்டு மதிப்பு 36,000 வெள்ளி என்றால் வரி 4,800 வெள்ளி. பராமரிப்புக் கட்டணம் 4,200, முகவர் கட்டணம் 1,600, பழுதுபார்ப்பு 1,500 வெள்ளி எனக் கொள்வோம். ஈராண்டுக்கு ஒருமுறை வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால், ஆண்டுக்கு மேலும் 1,600 வெள்ளி இழப்பு.

மொத்தச் செலவு 36,000 வெள்ளி. மிஞ்சுவது 2,400 வெள்ளி. போட்ட பணத்தில் இது ஒரு விழுக்காடுகூட இல்லை. மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கோ குறைந்தது 2.5 விழுக்காடு வட்டி தருகிறது.

இதோடு முடியவில்லை. தவணையில் அசலும் உண்டு. முதலாண்டில் அது சுமார் 15,600 வெள்ளி. அந்தப் பணம் வீணாவதில்லை, வீட்டில் உங்கள் பங்காகச் சேர்கிறது. ஆனாலும் மாதந்தோறும் ஏறத்தாழ 1,100 வெள்ளியைச் சொந்தச் சம்பளத்திலிருந்து எடுத்துவைக்க வேண்டும். தவணையை வாடகைதாரரே கட்டிவிடுவார் என்ற பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது.

இதுவே இரண்டாவது வீடாக இருந்தால், 2023 ஏப்ரல் 27 முதல் குடிமக்களுக்கும் 20 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி உண்டு. இந்த வீட்டுக்கு அது 200,000 வெள்ளி. ஆண்டுக்கு 2,400 வெள்ளி மிஞ்சும் வீட்டில் அந்த வரியை மட்டும் ஈட்ட 83 ஆண்டுகள் ஆகும்!

விலை ஏறினால்?

"வாடகை குறைந்தாலும் வீட்டு விலை ஏறுமே" என்று சிலர் சொல்லலாம். ஏறலாம். ஆனால் நீண்டகாலம் வைத்திருப்பவர் குத்தகையையும் கவனிக்க வேண்டும். வீவக வீடுகளும் பல கூட்டுரிமை வீடுகளும் 99 ஆண்டுக் குத்தகையில் உள்ளவை.

கேலாங் லோரோங் 3ல் இருந்த 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தது. இழப்பீடு ஏதுமின்றி நிலம் அரசாங்கத்திடம் திரும்பியது. அவற்றில் பெரும்பாலான வீடுகளில் உரிமையாளர்கள் வசிக்கவில்லை; பலவற்றில் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கியிருந்தனர். வாடகை தந்துகொண்டிருந்த வீடும் ஒருநாள் கைவிட்டுப் போகும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

உரிமையாளரின் பொறுப்பு

வீட்டை வாடகைக்கு விடுவது உட்கார்ந்து வாங்கும் வருமானமன்று. வாடகைதாரர் வெளிநாட்டவர் என்றால் அவருடைய அசல் அனுமதி அட்டையைப் பார்த்து, கடப்பிதழோடு ஒப்பிட்டு, உரிய அமைப்பிடம் சரிபார்ப்பது உரிமையாளரின் சட்டபூர்வக் கடமை. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது வழக்கம். அதைத் திருப்பித் தருவதில்தான் பல தகராறுகள் எழுகின்றன. வீடு ஒப்படைக்கப்படும் நாளில் படங்கள் எடுத்து, பொருள்களைப் பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்திட்டால் பாதிச் சண்டை குறையும். ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களில், 20,000 வெள்ளி வரையிலான பூசல்களைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்ற பதில் நம்மில் பலருக்குப் பழக்கமானது. இனப் பாகுபாடு காட்டும் விளம்பரங்களைச் சொத்து முகவர்கள் வெளியிடக்கூடாது என்பது விதி. ஆனால், வீட்டை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு உரிமையாளரிடம்தான் இருக்கிறது. நாளை சாவி உங்கள் கையில் இருக்கும்போது, வந்து நிற்பவரின் வேலை, வருமானம், ஆவணங்களைப் பாருங்கள். பெயரையும் நிறத்தையும் பார்த்துக் கதவை மூடாதீர்கள்.

இப்போதே தொடங்கலாம்

மாணவர்கள் காசு செலவில்லாமல் பழகக்கூடியவை உள்ளன. உங்கள் புளோக்கைப் போன்ற வீடுகள் என்ன வாடகைக்குப் போகின்றன என்பதை வீவக இணையத்தளத்தில் பார்க்கலாம். தனியார் வீடுகளின் விவரத்தை நகர மறுசீரமைப்பு ஆணையம் வெளியிடுகிறது. விளம்பரத்தில் கேட்கும் தொகையை அவற்றோடு ஒப்பிடுங்கள். வீட்டுக்கு வரும் சொத்து வரிக் கடிதத்தைப் பெற்றோருடன் சேர்ந்து படியுங்கள்.

வேலைக்குச் சென்றபின் சிறிய தொகையோடு சொத்துச் சந்தையைப் பழக விரும்புவோர் 'ரீட்' எனப்படும் சொத்து முதலீட்டு அறநிதிகளைப் பற்றிப் படிக்கலாம். 2002ல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் அறிமுகமான இவற்றை 100 அலகுகளிலிருந்து வாங்கலாம். கடைத்தொகுதிகள், அலுவலகங்கள், கிடங்குகளின் வாடகையில் ஒரு பங்கு ஈவாக வரும். இவற்றின் விலையும் இறங்கக்கூடியதே. ஆனால் முன்பணமாகக் கால் மில்லியன் வெள்ளி கேட்பதில்லை.

அடுத்த முறை அப்படியொரு காணொளி வந்தால், அதில் சொல்லும் வாடகையை ஒரு தாளின் இடப்பக்கம் எழுதுங்கள். வட்டி, வரி, பராமரிப்பு, காலி மாதம் ஆகியவற்றை வலப்பக்கம் எழுதுங்கள். கழித்த பிறகு மிஞ்சுவதைப் பார்த்து முடிவெடுங்கள்.