புகையிரதம் ஏன் சட்டென்று நிற்பதில்லை?

1990 இல் தடைப்பட்ட யாழ்தேவி, 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே புகையிரதக் கடவையைக் கடந்து பழகாமல் வளர்ந்துவிட்டது. எனவே புகையிரதத்தின் இயல்பை நாம் அறிந்திருப்பது அவசியம்.

புகையிரதச் சில்லு உட்புறம் சற்றுப் பெருத்தும் வெளிப்புறம் சிறுத்தும் இருக்கும். இரு சில்லுகளும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டு ஒன்றாகவே சுழலும். வண்டி ஒரு பக்கம் விலகினால், அப்பக்கச் சில்லு தன் பெருத்த பகுதியில் உருண்டு கூடுதல் தூரம் செல்லும். இதனால் அச்சு தானாகவே நடுவுக்குத் திரும்பும். உள்விளிம்பு, வண்டி மேலும் விலகாமல் தடுக்கும் காவல்.

சில்லு தண்டவாளத்தைத் தொடும் இடமோ சிறு நாணயத்தின் அளவுதான். உருக்கின் மேல் உருக்கு உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் பல பெட்டிகளை இலகுவாக இழுக்கிறது. அதே காரணத்தால், வேகமாக வரும் வண்டி பிறேக் போட்ட பின்னரும் பல நூறு மீற்றர் ஓடியே நிற்கும். தண்டவாளம் நனைந்திருந்தால் இன்னும் வழுக்கும்.

சாரதி நம்மைக் கண்டாலும் விலக முடியாது; உடனே நிறுத்தவும் முடியாது. ஆகவே நிற்க வேண்டியவர்கள் நாமே. கடவையில் சைக்கிளை விட்டு இறங்குங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து, இருபுறமும் பார்த்த பின்னரே கடவுங்கள்.